சர்தார் சிலையைப் பார்க்கப் போகிறீர்களா? தூரத்தில் தொடங்குங்கள், மேலே கடைசியில் ஏறுங்கள்

எங்கள் ஊர் சுவாமிமலை. வீட்டுக்குப் பின்னால்தான் வெண்கல விக்கிரகம் வார்க்கும் பட்டறை. எனக்கும் அண்ணனுக்கும் எழுத்துப் பழகுவதற்கு முன்பே மெழுகு பிடிக்கத் தெரியும். இத்தனை வருடத்தில் எங்கள் உலையில் வார்த்ததிலேயே பெரியது ஆறு அடி நடராஜர். அவரைக் குழியிலிருந்து தூக்கி நிறுத்தப் பதினோரு பேர் வேண்டியிருந்தது. குஜராத்தில் நர்மதைக் கரையில் 182 மீட்டர் உயரத்துக்கு வெண்கலம் போர்த்திய சர்தார் வல்லபபாய் படேல் சிலை நிற்கிறது என்று 2018இல் செய்தியில் பார்த்த நாளிலிருந்து அண்ணனுக்கு அதே நினைப்பு. "கண்ணு மங்கறதுக்குள்ள அத ஒரு தடவ பாத்துடணும்டா தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு 68 வயது. உலை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். ஒரு ஜனவரியில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பியதும், போக நினைக்கிறவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் முக்கியமானது. பெரும்பாலானவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு படம் எடுக்கிறார்கள், நேரே லிஃப்ட் வரிசைக்கு ஓடுகிறார்கள், மேலே போய் ஆற்றைப் பார்க்கிறார்கள், இறங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மேலே ஏறினால் சிலை தெரியாது. நீங்கள் சிலையின் நெஞ்சுக்குள்ளே இருப்பீர்கள். தெரிவது ஆறும் அணையும் மலையும்தான். சிலையைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் தூரத்திலிருந்து, பிறகு காலடியில், பிறகு கீழே உள்ள கண்காட்சிக் கூடத்தில், கடைசியில் மேலே. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே அமைந்துவிடும்.

போய்ச் சேருவது

ஊருக்கு இப்போது ஏகதா நகர் என்று பெயர். கேவடியா என்றால்தான் பலருக்குத் தெரியும். 2021 ஜனவரியில் அங்கே ரயில் நிலையம் திறந்தார்கள். அதோடு சென்னை சென்ட்ரலிலிருந்து நேராக ஏகதா நகருக்கு வாரம் ஒருமுறை ஒரு ரயில் விட்டார்கள். ரேணிகுண்டா, குண்டக்கல், சோலாப்பூர், புனே, சூரத் என்று சுற்றிக்கொண்டு போகும் வண்டி. ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும் கொஞ்சம் ஆகும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்லது, நடுவில் வண்டி மாற வேண்டாம். கிழமையை மட்டும் ரயில்வே தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமை ஒத்துவரவில்லை என்றால் அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் வடோதராவில் இறங்குங்கள். அங்கிருந்து சாலையில் சுமார் 90 கிலோமீட்டர்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள் முதல் நாளே சென்னை வந்துவிடுங்கள். அதே நாள் வண்டியை நம்பிக் கிளம்பினால் மனது படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

திங்கட்கிழமை சிலை வளாகம் மூடியிருக்கும். இதைத் தெரியாமல் வந்து, வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு சேலத்துக் குடும்பத்தை ரயிலில் சந்தித்தோம். மாதம் என்று கேட்டால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கீழே கல் தளம், மேலே உலோகம், ஒதுங்க நிழல் குறைவு. மழைக்காலத்துக்கும் ஒரு அழகு உண்டு, அணை நிரம்பி வழிவதைப் பார்க்கலாம். அக்டோபர் 31 சர்தார் பிறந்தநாள். அன்று அணிவகுப்பு, பெரிய தலைவர்கள் வருகை, பாதுகாப்புக் கெடுபிடி எல்லாம் இருக்கும். சிலையை நிதானமாகப் பார்க்க அது நாள் இல்லை.

சீட்டு

நாங்கள் போனபோது உள்ளே நுழைய 150 ரூபாய், மேலே பார்வைக் கூடத்தோடு சேர்த்து 380 ரூபாய், வரிசையில் நிற்காமல் போக 1,030 ரூபாய். விலை மாறலாம், போகும் முன் பாருங்கள். வாங்குவதைச் சிலையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே மாதிரி தோற்றத்தில் வேறு தளங்களும் கண்ணில் படும்.

பார்வைக் கூடத்துச் சீட்டுக்கு நேரம் குறித்திருக்கும். இதில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. சீட்டு எடுத்துக்கொடுத்த பயண முகவர், ரயில் வந்து சேரும் நாளிலேயே காலை நேரத்தைப் போட்டுவிட்டார். வண்டி தாமதம். நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. மறுநாளுக்கு மறுபடி காசு கொடுத்து வாங்கினோம். ஆகவே வந்து சேரும் நாளுக்கு மேலே ஏறும் சீட்டு எடுக்காதீர்கள். மறுநாளுக்கு எடுங்கள், அதுவும் பிற்பகல் நேரமாக. காலை முழுவதும் கீழே பார்க்க வேண்டியது இருக்கிறது.

ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் போலச் சோதனை இருக்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், பெரிய பை இருந்தால் அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: குஜராத்திப் பருப்பில் வெல்லம் இருக்கும். எங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் அறையில் இரண்டு வேளைக்கு உதவியது. அங்கே மதுவிலக்கு நடப்பில் இருக்கிறது, அந்த வகை எதையும் பையில் கொண்டு போகாதீர்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: தயங்க வேண்டாம். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து அவர்களுடைய பஸ்ஸே கொண்டுவிடும். சாது பேட் என்ற தீவில்தான் சிலை. கரையிலிருந்து அங்கே போகும் பாலத்தில் நகரும் நடைபாதை இருக்கிறது. அதற்கப்புறம் எஸ்கலேட்டர், லிஃப்ட். சக்கர நாற்காலி கேட்டால் தருகிறார்கள். அண்ணன் முதலில் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து நெடுநேரம் மேலே பார்க்க முடிந்தது. நடக்க முடிகிறவர்களும் அவ்வப்போது எங்காவது உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு நிமிர்ந்தால் இரண்டு நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

முதலில் தூரத்திலிருந்து

வந்து சேர்ந்த நாளிலேயே இதைச் செய்யலாம், சீட்டுகூடத் தேவையில்லை. ஊருக்குள் இளஞ்சிவப்பு ஈ-ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்கள் சுற்றுவட்டாரத்துப் பழங்குடிப் பெண்கள். "பென்" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள், நம் ஊரில் "அக்கா" என்பது போல. ஆற்றோரம், சிலை முழுசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மலர்ப் பள்ளத்தாக்கு என்ற பூந்தோட்டத்துப் பக்கம் நல்ல இடம். தண்ணீரில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் படகுப் பயணமும் இருக்கிறது. சிலைக்குக் கீழே ஆற்றோட்டத்தில் கருடேஸ்வரில் ஒரு தடுப்பணை கட்டியிருப்பதால் சிலையைச் சுற்றி எப்போதும் தண்ணீர் நிற்கிறது.

தூரத்தில் ஏன் தொடங்க வேண்டும்? உருவத்தின் அளவு அங்கேதான் சரியாகத் தெரியும். பக்கத்தில் போனால் தலை சிறுத்து, காலும் வேட்டியும் பெருத்துத் தெரியும். அண்ணன் சட்டைப் பையில் ஒடிஓலை கொண்டு வந்திருந்தார். தென்னங்கீற்றிலிருந்து கிழித்த ஓலைத் துண்டு. எங்கள் பட்டறையில் அளவுகோல் அதுதான். விக்கிரகத்தின் உயரத்துக்கு ஓலையை எடுத்து, மடித்து மடித்துத் தாளம் பிரிப்போம். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளம், உயரத்தை 124 பங்காகப் பிரிக்கிற கணக்கு. அண்ணன் கையை நீட்டி ஓலையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சர்தாரின் உச்சியிலிருந்து தாடை வரை நகத்தால் குறித்துக்கொண்டு, அப்படியே கீழே எண்ணிக்கொண்டு வந்தார். "எட்டுக்கு மேல போவுது, ஒம்பது இல்ல" என்றார். முகம் மட்டும் சுமார் 70 அடி என்கிறார்கள். 182 மீட்டர் என்பது 597 அடி. வகுத்தால் எட்டரை வருகிறது. ஓலை பொய் சொல்லவில்லை.

தெய்வத்துக்குரிய பத்துத் தாளம் இல்லை, நம்மைப் போல நடமாடிய மனிதரின் அளவை ஒட்டி, கொஞ்சம் கூட்டிச் செய்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. தலைவரைத் தலைவராகவே விட்டிருக்கிறார் சிற்பி. ராம் வாஞ்சி சுதார், 1925இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். அகமதாபாத் விமான நிலையத்தில் இருக்கும் படேல் சிலையும் அவர் செய்ததுதான், இந்தப் பெரிய சிலை அதை அடியொற்றியது. ஓலை வேண்டியதில்லை, ஒரு பேனாவை நீட்டிப் பிடித்து நீங்களும் எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் கூட இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.

இன்னொன்றையும் தூரத்திலிருந்தே கவனியுங்கள். மேலே அகலம், கீழே குறுகல். சால்வை போர்த்திய தோளுக்கு நல்ல விரிவு, வேட்டிக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும். எங்கள் வேலையில் இப்படி வந்தால் பயப்படுவோம். நடராஜர் ஒற்றைக் காலில் நின்றாலும் திருவாசி என்ற வளையம் அவரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பீடம் அகன்றிருக்கும். இவருக்கு வெளியே எந்தத் தாங்கலும் இல்லை. போதாததற்கு நடக்கிற மாதிரி கால்களுக்கு நடுவே 6 மீட்டருக்கு மேல் இடைவெளி. தாங்குவதெல்லாம் உள்ளே இருக்கிறது: இரண்டு கால் வழியாகவும் மேலே போகிற இரண்டு கான்கிரீட் உருளைகள், அவற்றைச் சுற்றி எஃகுச் சட்டம், அதன் மேல் வெண்கலத் தகடு. ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்குச் சிலை ஆடாமல் இருக்க, ஒவ்வொன்றும் 250 டன் எடையுள்ள இரண்டு அதிர்வு தணிப்பிகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். சிலை ஒரு பக்கம் சாயப் பார்த்தால் அந்த எடை எதிர்ப்பக்கம் அசைந்து அதை அடக்கும். காவடி எடுக்கிறவர் உடம்பை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவாரே, அந்த மாதிரி.

காலடியில்

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். சிலை அணையைப் பார்த்து நிற்கிறது. அணை கிழக்குப் பக்கம், மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே காலை வெயில் முகத்தில் விழும், மாலையில் முகம் நிழலாகிவிடும். படம் எடுக்கிறவர்களுக்கும் காலையே நல்லது. கூட்டமும் அப்போதுதான் குறைவு.

நேராகப் பாதத்துக்குப் போங்கள். செருப்புப் போட்ட பாதம், விரல் நுனி, நகம் எல்லாம் தெரியும். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். வெண்கல வேலை இங்கே மட்டும்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தகட்டோடு தகடு சேரும் கோடுகளைத் தேடுங்கள். இது ஒரே வார்ப்பு இல்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளைத் தனித்தனியாக வார்த்து, கொண்டு வந்து, சட்டத்தில் பொருத்தி இணைத்தது. 1,700 டன்னுக்குக் குறையாத வெண்கலம், ஆனால் கனம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். எங்கள் பேச்சில் சொன்னால் உள்ளே கெட்டியான கனவார்ப்பு இல்லை, உள்ளே கூடான பொள்ளல். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறோம். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். அதனால் ஒரு கருவில், அதாவது ஒரு மண் அச்சில், ஒரு விக்கிரகம்தான். இங்கே சிற்பி முதலில் சின்ன மாதிரி, பிறகு 30 அடி மாதிரி செய்திருக்கிறார். அதைக் கணினியில் அளந்து பெரிதாக்கி, துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

அந்தத் துண்டுகளை வார்த்தது சீனாவில். எடுத்து முடித்த நிறுவனம் நம் நாட்டு எல் அண்ட் டி, வரைந்தவர் நம் நாட்டுச் சிற்பி, ஆனால் உலோகம் உருகியது அங்கே. தலைமுறை தலைமுறையாக வெண்கலம் ஊற்றுகிற ஊர்க்காரனாக எனக்கு அது உறுத்துகிறது. அந்த அளவுக்கு உலையும் கூடமும் நம்மிடம் இருந்திருந்தால் என்று பாதத்தின் முன்னால் நின்றபோது நினைத்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கைத்தடியின் பிடியை ஒரு சேர்ப்புக் கோட்டின் திசையிலேயே காற்றில் ஓட்டிக்கொண்டு போய், "பொருத்தினவன் கை சுத்தம்" என்று மட்டும் சொன்னார்.

நிறத்தையும் பாருங்கள். கலவையில் செம்பு 85 பங்கு, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் மூன்றும் ஐந்தைந்து பங்கு. இப்போது பழுப்பு நிறம். காற்றும் மழையும் பட்டுப்பட்டுக் களிம்பு ஏறும், பல பத்தாண்டுகளில் பச்சை படரும். நியூயார்க்கில் 1886இல் திறந்த சுதந்திரதேவி சிலையும் செம்பு நிறமாக இருந்து பச்சையானதுதான். வீட்டில் வெண்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்குவோம், இதைத் துலக்கக் கூடாது. மேலே படியும் அந்தக் களிம்புதான் அடியில் இருக்கும் உலோகத்துக்குப் போர்வை. தயவுசெய்து சாவியால் கீறிப் பெயர் எழுதாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். கீறினால் போவது அந்தப் போர்வைதான்.

கண்காட்சிக் கூடம்

வெயில் ஏறியதும் பீடத்துக்குள் இருக்கும் கூடத்துக்கு வந்துவிடுங்கள். பலர் இதை ஓட்டமாகக் கடக்கிறார்கள். அங்கே சர்தாரின் முகத்தை மட்டும் பெரிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தபோது பிடிபடாத முகம் இங்கே கண்ணுக்கு நேரே கிடைக்கிறது. இமையைப் பாருங்கள், பாதி மூடிய மாதிரி கனத்து இறங்கியிருக்கும். கன்னத்துத் தசை தளர்ந்திருக்கும். எங்கள் விக்கிரகங்களுக்கு முதுமை கிடையாது, எல்லாத் தெய்வமும் பதினாறு வயது. வயதான முகத்தை வெண்கலத்தில் கொண்டுவருவது வேறு வித்தை. அண்ணன் அந்த முகத்தைச் சுற்றி மூன்று தடவை சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார்.

படேல் வரலாறு உங்களுக்கு மறந்திருந்தால் இங்கே நின்று படியுங்கள், அதற்கப்புறம் வெளியே போய் மறுபடி சிலையைப் பாருங்கள். 1875இல் நடியாத்தில் பிறந்தவர். 1928இல் பர்தோலியில் நிலவரி உயர்வை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டி நின்றபோதுதான் "சர்தார்" என்ற பட்டம் நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு உள்துறை அமைச்சராக, அரசு அதிகாரி வி.பி. மேனனைத் துணையாக வைத்துக்கொண்டு 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்த்தார். 1950 டிசம்பர் 15 அன்று காலமானார்.

சமஸ்தானம் என்றால் எங்கோ வடக்கே என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்தது புதுக்கோட்டைப் பக்கம். புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம், 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. அவர்களுக்குச் சொந்த நாணயமே இருந்தது, அம்மன் காசு. அத்தையின் சுருக்குப் பையில் நாலைந்து அம்மன் காசுகள் இருக்கும். சின்னச் செப்புக் காசு, தேய்ந்து அம்மன் முகம் தடவினால்தான் தெரியும். சின்ன வயதில் நாங்கள் அதை வைத்துத்தான் விளையாடினோம். கூடத்தில் சமஸ்தானங்களைப் பற்றிப் படித்தபோது அண்ணனுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. "அத்த காசு செல்லாமப் போனதுக்கு இவருதாண்டா காரணம்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் குடும்பத்திலும் திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், புதுக்கோட்டை என்று ஏதாவது ஒரு நூல் இருக்கும். கிளம்பும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுமைச் சுவர் என்று ஒன்றும் உண்டு, நாடெங்கும் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த மண்ணால் எழுப்பியது. விவசாயிகளிடமிருந்து பழைய இரும்புக் கருவிகளைத் திரட்டி உருக்கியும் இந்தக் கட்டுமானத்தில் சேர்த்தார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த இடம் தட்வி முதலான பழங்குடி மக்களின் ஊர். அணைக்காகவும் அதற்குப் பிறகு இந்த வளாகத்துக்காகவும் நிலம் போனது என்று அவர்கள் குரல் எழுப்பினார்கள், 2018 திறப்பு விழாவின்போதும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விவசாயிகளின் நிலத்துக்காகப் போராடி எழுந்த தலைவரின் காலடியில் நின்று அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரிக்‌ஷாக்காரப் பெண்களிடமும் வழியில் கடை போட்டிருப்பவர்களிடமும் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்கள் பேசினால் காது கொடுங்கள்.

மேலே

இப்போது ஏறுங்கள். பார்வைக் கூடம் 153 மீட்டர் உயரத்தில், நெஞ்சுப் பகுதியில் இருக்கிறது. ஒரே நேரத்தில் 200 பேர் வரை நிற்கலாம். சன்னல்கள் சால்வை மடிப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கீழே நின்றபோது அவற்றைக் கண்டுபிடிக்க முயன்றிருந்தீர்கள் என்றால் உள்ளே வந்து அதே இடைவெளியில் பார்க்கும்போது சிற்பியின் யோசனை புரியும்: துணி மடிப்பாகவும் இருக்க வேண்டும், சன்னலாகவும் ஆக வேண்டும். கிழக்கே சர்தார் சரோவர் அணை, இரண்டு பக்கமும் விந்திய, சாத்பூரா மலைத் தொடர்கள், கீழே நர்மதை. மழைக்காலத்தில் சாரல் உள்ளே வரும், தரை வழுக்கும், பெரியவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைகள் இருந்தால் ஜங்கிள் சஃபாரி என்ற உயிரியல் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மூலிகைத் தோட்டமான ஆரோக்கிய வனம் பெரியவர்களுக்குப் பிடிக்கும். மாலையில் கோரா படித்துறையில் நர்மதைக்கு ஆரத்தி காட்டுகிறார்கள். பக்கத்தில் சூலபாணேஸ்வரர் கோயில், அணைநீரில் மூழ்கிய பழைய கோயிலுக்குப் பதிலாக எழுப்பியது. சிவன் கோயில் என்றதும் அண்ணன் முழங்காலையும் மறந்து படியேறினார்.

இருட்டிய பிறகு

சூரியன் இறங்கியதும் சிலை மேல் ஒளிக்காட்சி. சர்தாரின் வாழ்க்கையைச் சிலையின் உடம்பையே திரையாக்கிக் காட்டுகிறார்கள். நாங்கள் பார்த்த அன்று விளக்கம் இந்தியில் இருந்தது, ஆனால் கதை முன்பே தெரிந்திருந்தால் மொழி தடையாக இராது. நடு வரிசையில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். ஜனவரியில் ஆற்றுக் காற்று சில்லென்று அடிக்கும், பெரியவர்களுக்கு ஒரு சால்வையும் மஃப்ளரும் வேண்டும்.

காட்சி முடிந்த நிமிடமே எல்லோரும் பஸ்ஸுக்கு முண்டியடிப்பார்கள். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். வண்ணங்கள் அணைந்த பிறகு சாதாரண விளக்கு மட்டும் சிலை மேல் விழும்போது, வேட்டி மடிப்புகளின் பள்ளமும் மேடும் பகலில் பார்த்ததை விடத் தெளிவாகத் தெரியும். பட்டறையில் வார்ப்பைச் சோதிக்க நாங்களும் இப்படித்தான் இருட்டில் விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்போம். அரத்தில் ராவியது எங்கே குறைந்திருக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். அடுத்த பஸ்கள் வந்துகொண்டே இருக்கும், கூட்டம் வடிந்த பிறகு ஏறலாம்.

நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் கேட்டார்: "தம்பி, அந்தக் கால் கட்டைவிரல் நகத்த இன்னொரு தடவ பாக்கலாமா? ஓரத்துல எப்படி முடிச்சிருக்கான்னு சரியாப் பாக்கல."

எங்கள் ரயில் மறுநாள் மாலைதான். அதனால் நீங்களும் திரும்பும் வண்டியை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு 150 ரூபாய்ச் சீட்டு இரண்டு வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். அண்ணன் ஓலையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.